மே மாதத்தில் மைக் முன் யார்?

கேள்வி: ஐயா, காவிரிக் கரையோர மாவட்டம் ஒன்றில் உள்ள கலை அறிவியல் கல்லூரியில் காட்சித் தொடர்பியல் முதுகலை முதலாண்டு படிக்கிறேன். எங்கள் கல்லூரியின் சமுதாய வானொலி ஐந்து ஆண்டுகளாக ஒலிபரப்பாகி வருகிறது. நிகழ்ச்சித் தயாரிப்பு, எடிட்டிங், நேரலை என்று எல்லாவற்றையும் மாணவர்கள் பதினான்கு பேர் பார்த்துக்கொள்கிறோம். பேராசிரியர் ஒருவர் பொறுப்பாளர், டெக்னீஷியன் ஒருவர் சம்பளத்துக்கு இருக்கிறார். ஆண்டுக்கு ஆறு லட்சம் ரூபாய் தந்துவந்த நிர்வாகம், வரும் கல்வியாண்டு முதல் மூன்று லட்சம்தான் தரும், மீதியை விளம்பரத்தில் சம்பாதித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டது. நகரத்து நகைக்கடை ஒன்று, எங்கள் மாலை நேயர் விருப்ப நிகழ்ச்சியைத் தன் பெயரில் நடத்தினால் மாதம் பத்தாயிரம் ரூபாய் தருவதாகச் சொல்கிறது. அரசியல் பிரமுகர் ஒருவர், தம் பிறந்தநாளுக்கு வாழ்த்து ஒலிபரப்பினால் நன்கொடை தருவாராம். மாணவர் ஒவ்வொருவரிடமும் ஆண்டுக்கு 100 ரூபாய் வசூலிக்கலாம் என்கிறார் முதல்வர். உரிமத்தை ஒப்படைத்துவிட்டு இணைய வானொலிக்குப் போனால் செலவே இல்லை என்கிறார்கள் நண்பர்கள். சென்ற ஆண்டு ஏப்ரல் கடைசியில் தேர்வு முடிந்து ஊருக்குப் போன நாங்கள் ஜூலை தொடக்கத்தில்தான் திரும்பினோம். அதுவரை நிலையம் ஓய்வில் இருந்தது. அடுத்த விடுமுறைக்குள் ஒரு முடிவுக்கு வர வேண்டும். வழி சொல்லுங்கள்.
– நிகழ்ச்சிப் பொறுப்பு மாணவர்

பதில்:

அன்புள்ள மாணவருக்கு,

உங்கள் கேள்விகள் எல்லாமே பணத்தைச் சுற்றியவை. அவற்றுக்கு வருகிறேன். அதற்கு முன், கடிதத்தின் முடிவில் போகிற போக்கில் எழுதியிருக்கும் ‘அதுவரை நிலையம் ஓய்வில் இருந்தது’ என்ற வரியில் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. நிர்வாகம் பாதிப் பணத்தை நிறுத்தியதற்கான காரணம், அவர்கள் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும், அந்த வரியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். வளாக வானொலி ஒன்றில் பல ஆண்டுகள் நிலைய மேலாளராக இருந்துவிட்டு, இப்போது மற்ற நிலையங்களுக்கு நிதியும் நிகழ்ச்சியும் திட்டமிட்டுக் கொடுக்கும் வேலை பார்க்கும் நான் கண்டவரை, மாணவர்கள் நடத்தும் நிலையங்கள் பணமில்லாமல் படுத்ததைவிட ஆளில்லாமல் படுத்ததே அதிகம். பணப் பஞ்சம் பெரும்பாலும் அதன் பின்னால்தான் வரும்.

முதலில் சட்டத்தைப் பாருங்கள். உரிமம் பெற்று இயங்கத் தொடங்கிய சமுதாய வானொலி மூன்று மாதங்களுக்கு மேல் மூடிக் கிடந்தால் அனுமதியை ரத்து செய்து, அந்த அலைவரிசையை அடுத்த விண்ணப்பதாரருக்குக் கொடுத்துவிட வழிகாட்டு நெறிமுறைகள் இடம் தருகின்றன. இவை மத்திய அரசின் நெறிமுறைகள். ஏப்ரல் கடைசி முதல் ஜூலை தொடக்கம் வரை என்பது இரண்டு மாதங்களுக்கு மேல். அதோடு ஒரு தேர்வு தள்ளிப்போய், டிரான்ஸ்மிட்டரும் ஒரு முறை பழுதாகியிருந்தால் நீங்கள் எல்லைக்கோட்டில் நின்றிருப்பீர்கள்.

சட்டத்தை விடுங்கள், ஊரைப் பாருங்கள். நீங்கள் ஓய்வெடுத்த அந்த வாரங்களில்தான் பிளஸ் டூ தேர்வு முடிவு வருகிறது. கல்லூரி விண்ணப்பம், கலந்தாய்வு, சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் என்று சுற்றுவட்டாரத்தில் முதன்முதலாகப் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பும் ஒவ்வொரு குடும்பமும் யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாமல் திகைத்து நிற்பதும் அப்போதுதான். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. குறுவைக்கு எந்த விதை, எவ்வளவு நாளில் நாற்று, விதை நேர்த்திக்கு என்ன கலப்பது என்று பேச வேண்டிய காலமும் அதுவே. ஒரு வானொலி ஊருக்கு மிகவும் தேவைப்படும் எட்டு வாரங்களைத் தேர்ந்தெடுத்து மூடச் சொன்னால், உங்கள் செமஸ்டர் அட்டவணையைவிடத் துல்லியமாக யாராலும் தேர்ந்தெடுத்திருக்க முடியாது. இப்படி வாயை மூடிக்கொள்ளும் நிலையத்துக்கு நிர்வாகமோ நகைக்கடையோ அரசுத் துறையோ எதை நம்பி ஓராண்டுக்குப் பணம் ஒதுக்கும்?

ஆகவே ஒலிபரப்பு நேரத்தைக் குறையுங்கள், நாட்களைக் குறைக்காதீர்கள். நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் ஓட்டிவிட்டு விடுமுறையில் மூடுவதைவிட, காலையில் இரண்டு மணி, மாலையில் இரண்டு மணி என்று 365 நாளும் ஓட்டுவது மேல். காலை ஒலிபரப்பையே மாலையில் மறுஒலிபரப்புச் செய்தாலும் குற்றமில்லை. காலையில் வயலில் இருந்தவர் மாலையில் கேட்பார். விடுமுறைக்கு ஆள் வேண்டுமென்றால் விடுதி மாணவர்களை நம்பாமல், ஒலிபரப்பு எல்லைக்குள் வீடு உள்ள மாணவர்களை இப்போதே கணக்கெடுங்கள். அவர்களுடன் சுற்றுக் கிராமங்களிலிருந்து இரண்டு பேரை, முடிந்தால் பெண்களை, பயிற்சி கொடுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். இது நான் சொல்லும் தர்மம் மட்டும் அல்ல. நிகழ்ச்சிகளில் குறைந்தது பாதி, உள்ளூர் மக்களின் பங்கேற்போடு உருவாக வேண்டும் என்பது விதி. நிகழ்ச்சி ஆலோசனைக் குழுவில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும் என்று 2024ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. விடுமுறைப் பணிக்கு ஒரு சிறு உதவித்தொகையை வரவுசெலவுத் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள். ஆர்வம் செமஸ்டர் நடக்கும்போது போதும். மே மாத வெயிலில் பேருந்து ஏறி வந்து ஸ்டுடியோவைத் திறப்பவருக்குப் பேருந்துக் கட்டணமாவது கொடுக்க வேண்டும்.

மூத்த மாணவர்கள் இளையவர்களிடம் பொறுப்பை ஒப்படைப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு நிலையத்துக்கு ஜூன் மாதத்தில் அழைத்தார்கள். போய்ப் பார்த்தால் ஒலிபரப்புக் கணினி இருக்கிறது, பாஸ்வேர்டு இல்லை. அதை வைத்திருந்த மூன்றாமாண்டு மாணவர் பட்டத்தோடு அதையும் எடுத்துக்கொண்டு பெங்களூருக்கு வேலைக்குப் போயிருந்தார். அவருக்குப் போன் போட்டால், பழைய எண்ணை மாற்றிவிட்டிருந்தார். இரண்டு நாள் ஒலிபரப்பு நின்றது. அதைவிட மோசம், ஐந்தாண்டு நேர்காணல்கள் எந்த வட்டில் (ஹார்ட் டிஸ்க்) எந்தப் பெயரில் கிடக்கின்றன என்று சொல்ல ஒருவரும் இல்லை. உங்கள் நிலையத்தில் பொறுப்பு கைமாற வேண்டிய மாதம் ஜனவரி. இறுதியாண்டு மாணவர்கள் ஜனவரியிலேயே இளையவர்களிடம் பணியைக் கொடுத்துவிட்டு, ஏப்ரல் வரை பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளட்டும். பாஸ்வேர்டுகள் எழுதிய உறை பொறுப்பாசிரியரின் அலமாரியில் இருக்கட்டும். ஒலிபரப்பிய எல்லாவற்றையும் மூன்று மாதங்கள் பாதுகாக்க வேண்டும் என்பது எப்படியும் கட்டாயம். லாக் புக்கில் நேரம், நிகழ்ச்சி, பேசியவர், கோப்பின் பெயர் என்று நான்கு பத்திகள் இருந்தால் அந்தக் கடமையும் முடிந்தது, விளம்பரதாரருக்கு ஒலிபரப்புச் சான்று கொடுக்கும் வேலையும் முடிந்தது.

‘மாணவர்களே நடத்துகிறோம்’ என்ற பெருமிதம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது, அது நியாயமானதும்கூட. ஆனால் உரிமம் கல்லூரியின் பெயரில் இருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள். அலைவரிசை பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்த பிறகு, 2002 இறுதியில் மத்திய அரசு கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் முதலில் கதவைத் திறந்தது. அந்த வழியில் 2004 பிப்ரவரி 1 அன்று சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்எம் 90.4இல் தொடங்கியது. தொண்டு நிறுவனங்களுக்கும் வேளாண் அறிவியல் நிலையங்களுக்கும் இடம் கிடைத்தது 2006இல்தான். இந்த வரலாறு முழுவதிலும் தனிமனிதருக்கு உரிமம் கிடையாது. மாணவர் மன்றத்துக்கும் கிடையாது. நீங்கள் நடத்துவது நிர்வாகம் கொடுத்த இடத்தில். அந்த இடம் வாய்மொழியாக இருக்கும்வரை அடுத்த முதல்வர் வந்ததும் அது மாறலாம். ஆகவே நிகழ்ச்சித் தேர்வில் மாணவர்க்கு எவ்வளவு அதிகாரம், எதற்கெல்லாம் பொறுப்பாசிரியர் கையெழுத்து வேண்டும், வானொலிக்கு வரும் வருவாய் எந்தத் தலைப்பில் சேரும் என்பதை இரண்டு பக்கத்தில் எழுதி ஆட்சிக்குழுவிடம் ஒப்புதல் வாங்குங்கள். கடைசியாகச் சொன்னது முக்கியம். விளம்பர வருவாய் நிலையத்தின் நடப்புச் செலவுக்கும் கருவிச் செலவுக்கும் மட்டுமே என்பதும், அதற்குமேல் மிஞ்சினால் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் முன் அனுமதியோடுதான் கல்லூரியின் கல்விப் பணிக்கு எடுக்கலாம் என்பதும் அனுமதி விதிகளிலேயே இருக்கின்றன. நீங்கள் சம்பாதித்த பணம் நூலகத்துக்கு நாற்காலியாகிவிடும் என்று அஞ்ச வேண்டாம், விதியைக் காட்டலாம்.

இனி விளம்பரம். 2024 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் வெளியான திருத்திய நெறிமுறைகளின்படி ஒரு மணி நேரத்துக்கு 12 நிமிடம் வரை விளம்பரம் போடலாம். அதற்கு முன் 7 நிமிடம்தான். அரசு விளம்பரங்களுக்கான கட்டணமும் 10 வினாடிக்கு 52 ரூபாயிலிருந்து 74 ரூபாயாக உயர்ந்தது. இதைக் கேட்டவுடன் ஒரு மணி நேரத்துக்குப் பத்து வினாடி விளம்பரத் துண்டுகள் 72, வரவு 5,328 ரூபாய் என்று பெருக்கிக்கொண்டு போகாதீர்கள். 12 நிமிடமும் நிரம்பிய சமுதாய வானொலியை நான் பார்த்ததில்லை. நிரம்பினால் அதைக் கேட்கவும் ஆள் இருக்காது. கணக்கை மறுபக்கத்திலிருந்து போடுங்கள். உங்களுக்குக் குறைவது மூன்று லட்சம். 74 ரூபாயால் வகுத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,054 துண்டுகள், அதாவது நாளொன்றுக்குப் பதினொன்று. இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. இது எட்டக்கூடிய எண். ஆனால் 365 நாளும் ஒலிபரப்பினால்தான் எட்டும். முந்நூறு நாளில் அதே பணத்தைப் பார்க்க நாளொன்றுக்குப் பதின்மூன்று, பதினான்கு துண்டுகள் வேண்டும். விடுமுறையின் விலையை நிர்வாகத்துக்குக் காட்ட இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. அரசு விளம்பரம் ஏதேனும் பிரசார இயக்கம் நடக்கும்போது மட்டும் வரும், பணம் அதற்குப் பின்னால் மெதுவாக வரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வராத பணத்தை நம்பிச் சம்பளம் எழுதக் கூடாது.

நகைக்கடையின் யோசனையை அப்படியே ஏற்க முடியாது. நிகழ்ச்சி ஒன்றையே ஒருவர் பெயரில் வழங்குவது, அதாவது ஸ்பான்சர் நிகழ்ச்சி, மத்திய மாநில அரசுகளும் பிற அமைப்புகளும் பொதுநலத் தகவலுக்காகத் தருவதற்கு மட்டுமே அனுமதிக்கப்பட்டிருக்கிறது. நகைக்கடை வழங்கும் நேயர் விருப்பம் அதில் அடங்காது. ஆனால் உள்ளூர் வணிகம், சேவை, வேலைவாய்ப்பு பற்றிய விளம்பரங்களுக்குத் தடை இல்லை. எனவே கடைக்காரரிடம் போய், ‘பெயர் சூட்ட முடியாது ஐயா, ஆனால் அதே பத்தாயிரத்துக்கு மாதம் 135 முறை, நாளுக்கு நான்கைந்து முறை உங்கள் விளம்பரம் பத்து வினாடி வரும், மாத முடிவில் எந்த நாள் எந்த நேரத்தில் வந்தது என்ற பட்டியலைக் கையெழுத்தோடு தருவோம்’ என்று சொல்லுங்கள். வணிகர்களுக்குப் பட்டியல் பிடிக்கும். ஆடி மாதத்தில் அவரே கழன்றுகொள்ளலாம் என்பதால் ஒரே கடையை நம்பாமல் உரக்கடை, டிராக்டர் பழுது பார்ப்பவர், தையல் பயிற்சி நிலையம் என்று சிறிய பெயர்களாகச் சேருங்கள். அவர்களிடம் 74 ரூபாய் வாங்க முடியாது. முப்பதோ நாற்பதோ வாங்கினால் போதும், நீங்கள் ஒலிபரப்பும் நேரமெல்லாம் உங்கள் அலைவரிசை அவர்கள் கடையில் ஓடும் என்பது கூடுதல் வரவு.

இங்கே பலர் தடுக்கி விழும் கல் ஒன்று கிடக்கிறது: ஜிஎஸ்டி. ‘20 லட்சத்துக்குக் கீழ்தானே விளம்பர வருமானம், நமக்கு எதற்குப் பதிவு’ என்று நினைப்பார்கள். அந்த வரம்பைக் கணக்கிடும்போது வரிவிலக்குப் பெற்ற சேவையின் வரவும், அதாவது கல்லூரிக் கட்டணமும், மொத்த விற்றுமுதலில் சேரும். கல்லூரி கல்விச் சேவை மட்டும் செய்தவரை பதிவு தேவைப்படாமல் இருந்திருக்கலாம். வரிக்குரிய விளம்பரம் ஒன்றை விற்றதும் நிலைமை மாறக்கூடும். முதல் பில் எழுதும் முன் கல்லூரியின் ஆடிட்டரிடம் அரை மணி நேரம் உட்காருங்கள். வானொலி விளம்பரத்துக்கு வரி 18 விழுக்காடு என்பதையும் நகைக்கடையிடம் பேசும் தொகைக்கு வெளியே வையுங்கள்.

அரசியல் பிரமுகரின் வாழ்த்துக்குப் பதில் ஒற்றைச் சொல்: வேண்டாம். செய்தி, நடப்பு அரசியல், அரசியல் சார்புள்ள எதற்கும் சமுதாய வானொலியில் இடமில்லை. அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றாமலோ மொழிபெயர்த்தோ எடுத்து ஒலிபரப்பலாம், அவ்வளவுதான். வாழ்த்துதானே என்று அவர் சொல்லலாம். அடுத்த மாதம் அவருடைய எதிர்முகாமில் ஒருவருக்குப் பிறந்தநாள் வரும், அப்போது நீங்கள் என்ன சொல்வீர்கள்? மறுப்பை நீங்கள் சொல்ல வேண்டாம். பொறுப்பாசிரியர் அனுமதி ஒப்பந்தத்தின் நகலோடு போய், ‘எங்களுக்கு மனமிருந்தாலும் டெல்லியில் இருப்பவர்கள் விடமாட்டார்கள்’ என்று சொல்வதே நாகரிகம். அவர் உதவ விரும்பினால் தம் ஊர்ப் பள்ளியில் ஒரு ஒலிப்பதிவு முகாமுக்கு மின்சாரமும் மதிய உணவும் ஏற்பாடு செய்யட்டும், பெயர் ஒலிக்காமல்.

உண்மையில் நிலையங்களைத் தாங்கும் பணம் விளம்பரத்தைவிடத் தொடர் நிகழ்ச்சிகளிலிருந்து வருகிறது. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை, பெண்களின் உடல்நலமும் ஊட்டச்சத்தும் பற்றிய தொடர்களுக்குச் சமுதாய வானொலிகள் வழியே நிதி தந்திருக்கிறது. உங்கள் மாவட்டத்திலேயே சுகாதாரத் துறை, வேளாண் துறை, மாவட்டத்தின் வங்கிப் பணிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி என்று தகவலைக் கிராமத்துக்குக் கொண்டுசெல்லக் கடமைப்பட்ட அலுவலகங்கள் இருக்கின்றன. துண்டறிக்கை அச்சிடும் தலைப்பில் அவர்களிடம் சிறு தொகையும் இருக்கும். பதின்மூன்று பகுதிகள், ஒவ்வொன்றும் பதினைந்து நிமிடம், எந்தெந்தக் கிராமத்தில் பதிவு, யார் பேசுவது, கேட்டவர்களை எப்படி எண்ணுவது என்று திட்டம் கொடுத்தால் பேச்சு நடக்கும். ‘விழிப்புணர்வு நிகழ்ச்சி’ என்று ஒரு வரி எழுதினால் நடக்காது. நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு (சிஎஸ்ஆர்) நிதியையும் முயலலாம். 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டப்படி, ஆண்டு நிகர லாபம் 5 கோடியோ விற்றுமுதல் 1,000 கோடியோ நிகரமதிப்பு 500 கோடியோ எட்டிய நிறுவனங்கள் மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் செலவிட வேண்டும். அந்தப் பணம் வானொலிக்கு நேராக வராது, கல்லூரியை நடத்தும் அறக்கட்டளைக்குத்தான் வரும். அறக்கட்டளைக்கு வருமான வரித் துறையின் 12ஏ (அறக்கட்டளைக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடையாளருக்கு வரிச்சலுகை) பதிவுகளும், 2021 ஏப்ரல் முதல் கட்டாயமான சிஎஸ்ஆர்-1 பதிவு எண்ணும் இருக்கின்றனவா என்று அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு நிறுவனத்தின் படியேறுங்கள். தகவல் ஒலிபரப்பு அமைச்சகமும் சமுதாய வானொலிகளுக்குக் கருவி வாங்கவும் புதுப்பிக்கவும் ஒரு ஆதரவுத் திட்டம் வைத்திருக்கிறது. ஐந்தாண்டு ஓடிய உங்கள் மிக்சருக்கும் டிரான்ஸ்மிட்டருக்கும் அதை விண்ணப்பிக்கப் பொறுப்பாசிரியரைத் தூண்டுங்கள்.

டிரான்ஸ்மிட்டர் என்றதும் ஒரு ஐப்பசி இரவு நினைவுக்கு வருகிறது. எங்கள் கோபுரத்தில் இடி இறங்கியது. எர்த்திங் குழியில் கோடை முழுவதும் தண்ணீர் ஊற்றாமல் விட்டிருந்தோம். மின்பெருக்கிப் பகுதி கருகி, மூன்று வாரம் ஊமையாக இருந்தோம். பழுதுக்குச் செலவான தொகையைவிட அதற்கு ஒப்புதல் வாங்கிய கோப்புக்குத்தான் அதிக நாள் ஆனது. ஆகவே வரவில் பத்தில் ஒரு பங்கைத் தொடாத சேமிப்பாக, முன்ஒப்புதலோடு, ஒதுக்கி வையுங்கள். உங்கள் செலவுப் பட்டியலையும் இரண்டாகப் பிரியுங்கள்: கட்டாவிட்டால் ஒலிபரப்பு நிற்கும் செலவு ஒரு பக்கம், டெக்னீஷியன் சம்பளம், அலைவரிசைக் கட்டணம், மின்சாரம், இசை உரிமைக் கட்டணம், பராமரிப்பு அதில் வரும். மற்றவை மறுபக்கம். நிர்வாகம் தரும் மூன்று லட்சத்தை முதல் பக்கத்துக்கு எழுதி வாங்குங்கள். நீங்கள் சம்பாதிப்பது இரண்டாம் பக்கத்துக்கு. மாணவர் சம்பாதிக்கத் தவறினால் டெக்னீஷியனின் சம்பளம் நிற்கும் என்ற நிலை வரக் கூடாது. மின்கட்டணத்தில் பெரும்பகுதியை 50 வாட் டிரான்ஸ்மிட்டர் தின்பதில்லை, ஸ்டுடியோ ஏசி தின்கிறது என்பதை மீட்டரைப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம்.

மாணவரிடம் 100 ரூபாய் வசூலிப்பதை நான் அரைமனதோடுதான் ஏற்பேன். கட்டணத் தலைப்பு ஒன்றைப் புதிதாகச் சேர்க்க ஆட்சிக்குழு ஒப்புதல் வேண்டும்; அரசு உதவி பெறும் பிரிவு என்றால் அதற்கு மேலும் போக வேண்டும். அது போகட்டும், கட்டணம் கட்டியவர் தமக்கான வானொலியைக் கேட்பார். கலைவிழா, ஆர்ஜே தேர்வு, சினிமாப் பாட்டு என்று நிலையம் மதில் சுவருக்குள் சுருங்கிவிடும். நான் நடத்திய நிலையத்தில் பழைய மாணவர்களிடம் மாதம் நூறு, இருநூறு என்று தானாகப் பிடித்தமாகும் சிறு தொகை கேட்டோம். முதல் ஆண்டில் முப்பது பேர்தான் சேர்ந்தார்கள். ஆனாலும் எந்த நிபந்தனையும் இல்லாமல் மாதம் தவறாமல் வந்த ஒரே பணம் அதுதான்.

இணைய வானொலிக்கு அலைவரிசை உரிமம் வேண்டாம் என்பது சரி. செலவே இல்லை என்பது சரியல்ல. பாட்டின் உரிமைக் கட்டணம் அங்கும் உண்டு, மனித உழைப்பும் அதே அளவுதான். பெரிய வேறுபாடு கேட்பவரில் இருக்கிறது. நூறு நாள் வேலைக்கு வந்த பெண்கள் வாய்க்கால் கரையில் பட்டன் போனை வைத்து, இயர்போன் வயரை ஆண்டெனாவாகச் சொருகி, ஒலிபெருக்கியில் பாட்டு வைத்திருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தப் போனில் டேட்டா இல்லை, எஃப்எம் இருக்கிறது. 30 மீட்டருக்கு மிகாத கோபுரமும் ஆண்டெனா வழியே கிடைக்கும் 100 வாட் கதிர்வீச்சுத் திறனும் சேர்ந்து உங்களுக்குக் கொடுத்திருக்கும் ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர் வட்டத்தில் அவர்கள் இருக்கிறார்கள். பாம்பனில் 2016 முதல் ஒலிக்கும் கடல் ஓசை 90.4 மீனவருக்குத் தேவைப்பட்டது இதனால்தான். உரிமத்தை ஒப்படைத்தால் திரும்ப வாங்க ஆண்டுகள் ஆகும். இணையத்தில் பதிவுகளைக் கூடுதலாக ஏற்றுங்கள். வெளியூரில் வேலை பார்க்கும் உள்ளூர்க்காரரும், மேலே சொன்ன பழைய மாணவரும் அங்கே கேட்பார்கள்.

கடைசியாக, நிர்வாகத்தைப் பார்க்கப் போகும் முன் ஒரு வேலை செய்யுங்கள். பதினான்கு பேரும் இரண்டு இரண்டு பேராகப் பிரிந்து, வட்டத்துக்குள் உள்ள ஏழு ஊர்களுக்கு ஒரு சனிக்கிழமை போங்கள். ‘எங்கள் வானொலியைக் கேட்கிறீர்களா’ என்று கேட்டால் பிள்ளைகள் மனம் நோகக் கூடாதென்று எல்லாரும் ஆம் என்பார்கள். அதைக் கேட்காமல், ‘நேற்று மாலை ரேடியோவில் என்ன கேட்டீர்கள், எந்த எண்ணில்’ என்று கேளுங்கள். டீக்கடை, ரேஷன் கடை வரிசை, ஆற்றுப் படித்துறை ஆகியவற்றில் ஊருக்கு இருபது பேரிடம் கேட்டால் 140 பதில். அதில் உங்கள் எண்ணைச் சொன்னவர்கள் ஒன்பது பேராகக்கூட இருக்கலாம். மறைக்காமல் எழுதுங்கள், அடுத்த ஆண்டு இதே வேலையைச் செய்யும்போது ஒப்பிட அது வேண்டும். அந்த ஒன்பது பேர் எந்த நிகழ்ச்சியைச் சொன்னார்கள் என்று பாருங்கள். நேயர் விருப்பமாக இருக்காது என்று பந்தயம் கட்டுவேன், சினிமாப் பாட்டுக்கு அவர்களுக்கு வேறு நிலையங்கள் இருக்கின்றன.

அந்தக் கணக்கை ஒரு தாளின் முன்பக்கத்திலும், விடுமுறைப் பணி அட்டவணையைப் பின்பக்கத்திலும் எழுதிக்கொண்டு கல்லூரிச் செயலாளரைப் பாருங்கள். பணம் கேட்கும் பேச்சு அதற்குப் பிறகு வரட்டும். அட்டவணையில் மே 1 முதல் ஜூன் 30 வரை, காலைக்கு ஒருவர், மாலைக்கு ஒருவர், பெயர் எழுதாத கட்டம் ஒன்றுகூட இருக்கக் கூடாது.